மதுசார எரிபொருளும் பிறேசிலின் அநுபவமும்

1973ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் மத்திய கிழக்கில் மூண்ட போரும், அதனைத் தொடர்ந்து அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடையும், சில மாதங்களுக்குள் உலகப் பொருளாதாரத்தை நிலைகுலையச் செய்தன. பீப்பாய் ஒன்றுக்கு மூன்று டொலர் அளவில் இருந்த மசகெண்ணெயின் விலை 1974ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பதினொரு டொலரைத் தாண்டியது. எண்ணெய் வளம் உடைய நாடுகள் பெருஞ் செல்வம் பெற்றன. அவ்வளம் இல்லாத நாடுகளோ தாம் பாடுபட்டு ஈட்டிய அந்நியச் செலாவணியை எண்ணெய்க் கப்பல்களுக்கே இறைக்க வேண்டியவையாயின. அவ்வாறு இடருற்ற நாடுகளுள் ஒன்று தென்னமெரிக்காவிலுள்ள பிறேசில். தனக்கு வேண்டிய எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கை அக்காலத்தில் அது பிறநாடுகளிலிருந்தே பெற்று வந்தது.

அந்நாட்டில் எண்ணெய்க் கிணறுகள் குறைவு. ஆயின் கரும்புத் தோட்டங்கள் மிகுதி. கரும்பிலிருந்து மதுசாரமும், மதுசாரத்திலிருந்து மோட்டார் வண்டிகளுக்கு எரிபொருளும் பெறலாம் என்னும் எண்ணத்தை ஒரு தேசியத் திட்டமாக்கி, 1975ஆம் ஆண்டு நவம்பர் 14ஆந் திகதி சனாதிபதி எர்னெஸ்தோ கெய்செலின் அரசாங்கம் ஆணை பிறப்பித்தது. 'புறோஅல்கோல்' என வழங்கும் அத்திட்டம் தொடங்கி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. மதுசாரம் பெற்றோலுக்கு மாற்றாகுமா என்னும் வினாவுக்கு ஆய்வுகூடத்தில் மட்டும் விடை காண இயலாது. வயலிலும் ஆலையிலும் சந்தையிலும் சேர்ந்தே விடை காண வேண்டும். அவ்வாறான விடையை நெடுங்காலம் தேடிய நாடு பிறேசிலாதலின், அதன் அநுபவம் ஊன்றி நோக்கத்தக்கது.

மதுசாரம் எனப் பொதுவாக வழங்கும் பொருள் வேதியியலில் எதனோல் எனப்படும். இரண்டு காபன் அணுக்களும் ஆறு ஐதரசன் அணுக்களும் ஓர் ஒட்சிசன் அணுவும் கொண்டது அதன் மூலக்கூறு. அது தோன்றும் முறை மனிதருக்குப் பழகிய ஒன்றே. விடியற்காலையில் பனையிலிருந்து இறக்கிய கள் உச்சிப்பொழுதுக்குள் நுரைத்துப் பொங்குவதை யாழ்ப்பாணத்தார் அறிவர். முட்டியிற் சுண்ணாம்பு தடவின் அந்நீர் பதநீராக இனிப்புடன் நிற்கும். தடவாவிடின் கள்ளாக மாறும். வேறுபாட்டுக்குக் காரணம் மதுவம் என்னும் நுண்ணுயிர். அது வெல்லத்தை உட்கொண்டு மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடுகின்றது. சுண்ணாம்பு அதன் செயலைத் தடுக்கின்றது. நொதித்தலுக்கு உயிர்களே காரணம் என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் நிறுவினார். உயிருள்ள மதுவமின்றி, அதன் சாற்றினாலேயே நொதித்தல் நிகழும் என்பதை யேர்மனியரான எடுவாட் புக்னர் 1897இல் காட்டினார். அதற்காக 1907இல் நோபல் பரிசும் பெற்றார்.

இம்மாற்றத்தின் கணக்கு வியப்புக்குரியது. 180 கிராம் குளுக்கோசு முற்றாக நொதிப்பின் 92 கிராம் எதனோலும் 88 கிராம் காபனீரொட்சைட்டும் உண்டாகும். எனவே வெல்லத்தின் நிறையில் ஏறக்குறையப் பாதி வாயுவாகப் போய்விடுகின்றது. ஆயினும் அவ்வெல்லத்தை எரித்தாற் கிடைக்கும் வெப்பத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேற்பட்ட பங்கு எஞ்சிய மதுசாரத்தில் தங்கியிருக்கின்றது. வெல்லமோ சூரிய ஒளியின் துணையால் இலைகளில் அமைந்தது. ஆதலின் மதுசாரம் என்பது சூரியனின் சத்தியைத் திரட்டிப் போத்தலில் அடைத்த ஒரு திரவமே எனலாம். நிலத்தடி எண்ணெயும் தொல்லூழிக் காலத்துச் சூரிய சத்தியே; ஆனால் அதனைத் திரட்டப் பல கோடி ஆண்டுகள் சென்றன. கரும்பு ஓராண்டில் அதனைத் திரட்டித் தருகின்றது.

நொதித்த சாற்றில் மதுசாரம் நூற்றுக்குப் பத்தளவே இருக்கும். எஞ்சியது பெரும்பாலும் நீர். நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்க, எதனோல் 78 பாகையளவிற் கொதிப்பதால், காய்ச்சி வடித்தலினால் இரண்டையும் பிரிக்கலாம். எனினும் எத்தனை முறை வடிப்பினும், சாதாரண வடித்தலில் நூற்றுக்கு நான்கு ஐந்து பங்கு நீர் மதுசாரத்துடன் சேர்ந்தே ஆவியாகி வரும். இந்நீருள்ள மதுசாரத்தை அதற்கென அமைத்த பொறிகளில் நேரே எரிக்கலாம். பெற்றோலுடன் கலப்பதற்கோ நீர் முற்றாக நீங்கிய மதுசாரம் வேண்டும். நீர் மிகின் கலவை இரு படைகளாகப் பிரிந்துவிடும். இவ்வாறு காய்ச்சுதற்கும் நீர் நீக்குதற்கும் பெருமளவு வெப்பம் தேவை. அவ்வெப்பம் எதிலிருந்து வருகின்றது என்பதிலேயே மதுசார எரிபொருளின் பயன் பெரும்பாலும் தங்கியுள்ளது.

பொறியினுள் மதுசாரத்தின் இயல்பு பெற்றோலினின்றும் சிறிது வேறுபடும். அதன் மூலக்கூறில் ஏற்கெனவே ஒட்சிசன் இருத்தலால் எரியும்போது வெளிவரும் வெப்பம் குறைவு. ஒரு லீற்றர் பெற்றோல் ஏறத்தாழ 32 மெகாயூல் வெப்பந் தர, ஒரு லீற்றர் எதனோல் 21 மெகாயூல் அளவே தரும். மூன்று லீற்றர் மதுசாரம் இரண்டு லீற்றர் பெற்றோலின் வேலையைச் செய்யும் என்பது எளிய கணக்கு. மறுபுறத்தில், உயர்ந்த நெருக்கலைத் தாங்கும் ஆற்றல் மதுசாரத்துக்கு உண்டு. பெற்றோற் பொறிகளில் எரிபொருள் உரிய வேளைக்கு முன்னரே வெடிப்பதால் எழும் தட்டல் என்னும் குற்றம் மதுசாரத்தில் மிகக் குறைவு. ஆகவே நெருக்கல் விகிதத்தை உயர்த்தி அமைத்த பொறியில் இழந்த பயனில் ஒரு பகுதியை மீட்கலாம். குளிர்காலத்தில் எளிதில் ஆவியாகாமையும், சில உலோகங்களையும் இறப்பர் வகைகளையும் அரித்தலும் அதன் குறைகள். இவற்றுக்கேற்ப உறுப்புக்களை மாற்றி அமைத்தல் பொறியியலாளருக்கு இயலாத செயலன்று.

மதுசாரத்தை எரிபொருளாகக் கொள்ளும் எண்ணம் புதியதுமன்று. மோட்டார்ப் பொறியின் தந்தையருள் ஒருவரான நிக்கோலசு ஒட்டோ 1860ஆம் ஆண்டளவில் தம் முதற் சோதனைகளை மதுசாரங் கொண்டே நடத்தினார். அதற்கு முன்னரே ஐக்கிய அமெரிக்காவில் மதுசாரமும் தெர்ப்பந்தைலமும் கலந்த திரவம் வீட்டு விளக்குகளில் எரிந்தது. உள்நாட்டுப் போருக்குப் பணந் திரட்டுவதற்காக 1862இல் மதுசாரத்தின்மீது விதித்த வரி அவ்விளக்குகளை அணைத்தது; மண்ணெண்ணெய் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. கைத்தொழிலுக்கான மதுசாரத்தின் மீதிருந்த வரி 1906இலேதான் நீங்கிற்று. பழங்களும் களைகளும் மரத்தூளும் எதிர்காலத்தின் எரிபொருளைத் தரும் என்று ஹென்றி போட் 1925இல் கருத்துத் தெரிவித்தார். அதற்குள் எண்ணெய்க் கிணறுகளிலிருந்து பெற்றோல் மலிவாகப் பெருகிவிட்டது.

இவ்விடத்தில் ஒரு துயர நிகழ்ச்சியும் குறிப்பிடற்பாலது. தட்டலை அடக்க மதுசாரம் உதவும் என்பது அக்கால அமெரிக்கப் பொறியியலாளர் அறிந்ததே. எனினும் 1921இல் தோமசு மிட்சிலி என்பவர் நாலெதைல் ஈயம் மிகச் சிறு அளவிலேயே அப்பணியைச் செய்வதைக் கண்டார். காப்புரிமையும் இலாபமும் தரத்தக்க அந்த நச்சுப்பொருளே உலகெங்கும் பெற்றோலிற் கலக்கப்பட்டது. நகரங்களின் காற்றில் ஈயத்தைப் பரப்பிக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்த அவ்வழக்கம் 2021ஆம் ஆண்டிலேதான் உலகில் முற்றாக ஒழிந்தது. ஓர் எரிபொருள் நிலைபெறுவதும் நிலைகுலைவதும் அதன் இயற்கைத் தகுதியினால் மட்டுமன்று, வரியினாலும் வாணிகத்தினாலுமே என்பதற்கு இவை சான்றுகள்.

பிறேசிலின் வரலாறும் இவ்வுண்மையையே வலியுறுத்துகின்றது. போத்துக்கேயர் பதினாறாம் நூற்றாண்டில் அங்கே கரும்பைப் பயிரிட்டனர். அடிமைகளின் உழைப்பினால் சீனித் தொழில் வளர்ந்தது. இறக்குமதியாகும் பெற்றோலில் நூற்றுக்கு ஐந்து பங்கு மதுசாரம் கலத்தல் வேண்டுமென்ற விதி 1931இலேயே அங்கு உண்டாயிற்று. 1974இல் மிக உயர்ந்த சீனியின் உலக விலை அடுத்த ஆண்டில் வீழ்ந்தபோது, ஆலை முதலாளிகள் கரும்புக்கு வேறு சந்தை தேடினர். ஒரு பக்கம் எண்ணெய்க்குக் கொடுக்கப் பணமில்லை. மறுபக்கம் சீனிக்கு வாங்குவோர் இல்லை. இவ்விரு நெருக்கடிகளும் சந்தித்த இடத்திலேயே மதுசாரத் திட்டம் பிறந்தது. அரசாங்கம் குறைந்த வட்டிக்குக் கடன் அளித்தது. அரச எண்ணெய் நிறுவனமாகிய பெற்றோபிறாசு மதுசாரத்தை வாங்கி விநியோகித்தது. சாவோ பாலோ மாநிலத்திலுள்ள வான்கலத் தொழினுட்ப நிலையத்தில் உர்பானோ எர்னெஸ்தோ ஸ்டும்ப் என்னும் பொறியியலாளர் மதுசாரத்தால் மட்டும் இயங்கும் பொறிகளை ஆராய்ந்து திருத்தினார்.

1979இல் ஈரானியப் புரட்சியைத் தொடர்ந்து எண்ணெய் விலை மீண்டும் ஏறியபோது திட்டம் இரண்டாம் படியில் கால் வைத்தது. பெற்றோலிற் கலப்பதோடு நில்லாமல், மதுசாரத்தால் மட்டும் இயங்கும் கார்களைத் தொழிற்சாலைகள் பெருந்தொகையாகச் செய்யலாயின. அவற்றுள் முதலாவதாக அவ்வாண்டில் வெளிவந்தது பியற் 147 என்னும் சிறு கார். 1980களின் நடுப்பகுதியில் பிறேசிலில் விற்பனையான புதிய கார்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவை மதுசாரக் கார்கள். அத்துணைக் குறுகிய காலத்தில் ஒரு நாடு தன் மோட்டார் வண்டிகளின் எரிபொருளை மாற்றியது வியத்தற்குரியது.

ஆனால் வெற்றி நிலைக்கவில்லை. 1986இல் எண்ணெயின் உலக விலை வீழ்ந்தது. மதுசாரத்துக்குக் கொடுத்த உதவிப் பணம் அரசாங்கத்துக்குப் பெருஞ் சுமையாயிற்று. சீனியின் விலை உயர்ந்தபோது ஆலைகள் கரும்புச் சாற்றைச் சீனியாக்கவே விரும்பின. 1989ஆம் ஆண்டின் இறுதியில் மதுசாரத்துக்குத் தட்டுப்பாடு உண்டாகி, மக்கள் எரிபொருள் நிலையங்களின் முன் வரிசையில் நிற்க நேர்ந்தது. கரும்பாற் புகழ்பெற்ற நாடு பிறநாடுகளிலிருந்து மதுசாரத்தை வாங்கும் நிலைக்கு வந்தது. அரசாங்கத்தின் சொல்லை நம்பி வேறெதனாலும் இயங்காத காரை வாங்கியவன் ஏமாற்றமடைந்தான். அந்நம்பிக்கையிழப்பின் பயனாக, 1990களின் பிற்பகுதியில் புதிய கார்களில் மதுசாரக் கார்கள் நூற்றுக்கு ஒன்றிலும் குறைந்தன.

திட்டத்தை மீட்டது ஒரு பொறியியற் புதுமை. பெற்றோல், மதுசாரம் என்னும் இரண்டையும் எவ்வளவிற் கலந்து ஊற்றினும், கலவையின் தன்மையை உணர்ந்து தானே சரிசெய்துகொள்ளும் காரை வொக்ஸ்வாகன் நிறுவனம் 2003இல் பிறேசிலில் வெளியிட்டது. பின்னர் ஏனைய நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. காருக்குடையவன் ஓர் எரிபொருளுக்கு அடிமையாக இருத்தல் இதனால் நீங்கிற்று. மதுசாரத்தின் விலை பெற்றோல் விலையில் நூற்றுக்கு எழுபதுக்குக் குறைவாயின் மதுசாரம். மிகுதியாயின் பெற்றோல் என்று அங்குச் சாதாரண மக்களே கணக்கிட்டு வாங்குகின்றனர். சாதாரண பெற்றோலிலும் மதுசாரங் கலப்பது கட்டாயம். அப்பங்கு 2015இல் நூற்றுக்கு 27 ஆகவும், 2025 ஓகஸ்ட் மாதம் முதல் நூற்றுக்கு 30 ஆகவும் உயர்த்தப்பட்டது.

பிறேசிலில் இஃது இயல்வதற்கு முதற் காரணம் கரும்பின் இயல்பே. சாறு பிழிந்தபின் ஒரு தொன் கரும்பில் கால் தொன் அளவான ஈரச் சக்கை எஞ்சும். அச்சக்கையை எரித்தே ஆலை தனக்கு வேண்டிய நீராவியையும் மின்சாரத்தையும் பெற்றுக்கொள்கின்றது. மிகுந்த மின்சாரத்தை விற்பனையும் செய்கின்றது. சாறு நேரே நொதிக்கத்தக்கது. வேறு பக்குவம் வேண்டுவதில்லை. இக்காரணங்களால், உழவுக்கும் உரத்துக்கும் போக்குவரத்துக்கும் செலவாகும் நிலத்தடி எரிபொருளின் சத்தி ஒரு பங்காயின், கிடைக்கும் மதுசாரத்தின் சத்தி எட்டுப் பங்களவு என ஆய்வாளர் கணித்துள்ளனர். ஜோசே கோல்டெம்பேர்க் முதலிய பிறேசிலிய அறிஞர் இக்கணக்கை 1978இலேயே ஆராயத் தொடங்கினர். நல்லின நாற்றுக்களாலும் ஆலைகளின் திருத்தத்தாலும் எக்டயர் ஒன்றிலிருந்து பெறும் மதுசாரம் 1970களில் இருந்ததைவிட இரு மடங்குக்கு மேலாகி, 6,000 லீற்றரைத் தாண்டியுள்ளது.

ஐக்கிய அமெரிக்காவில் நிலைமை வேறு. உலகில் மிகுந்த எதனோலைச் செய்வது அந்நாடே; அங்கு மூலப்பொருள் சோளம். சோளத்திலிருப்பது மாப்பொருளாதலின், அதனை நொதியங்களால் முதலில் வெல்லமாக்க வேண்டும். சோள ஆலைக்குக் கரும்புச் சக்கை போன்ற எரிபொருள் இல்லை. பெரும்பாலும் இயற்கை வாயுவையே எரிக்கின்றனர். எனவே செலவிட்ட சத்தி ஒன்றாயின் கிடைப்பது இரண்டளவே என்பர். அதனிலுங் குறைவு என்பாரும் உளர். 2005ஆம், 2007ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் பெற்றோலிற் கலக்க வேண்டிய அளவை விதித்தபின், அந்நாட்டுச் சோள விளைவில் மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட பங்கு மதுசார ஆலைகளுக்குச் செல்லலாயிற்று. அப்பங்கில் மாப்பொருள் நீங்கியபின் எஞ்சும் பகுதி கால்நடைத் தீனியாக மீள்கின்றது என்பதும் மறத்தற்குரியதன்று.

இங்கேதான் எரிபொருட் பிரச்சினை உணவுப் பிரச்சினையாக உருமாறுகின்றது. ஒரு தொன் சோளத்திலிருந்து 400 லீற்றர் அளவு மதுசாரம் பெறலாம். எனவே 50 லீற்றர் கொள்ளும் ஒரு காரின் தாங்கியை ஒரு முறை நிரப்ப 125 கிலோகிராம் சோளம் வேண்டும். நாளொன்றுக்கு அரைக் கிலோகிராம் தானியம் உண்ணும் ஒருவனுக்கு அது 250 நாள் உணவு. காரோட்டும் செல்வனும் கஞ்சி காய்ச்சும் ஏழையும் ஒரே சந்தையில் ஒரே தானியத்துக்கு விலை கூறுவாராயின், தோற்பவன் யாவன் என்பது சொல்லாமலே விளங்கும். 2007ஆம் ஆண்டு சனவரியில், சோள உரொட்டியின் விலையேற்றத்தை எதிர்த்து மெக்சிக்கோ நகரத் தெருக்களிற் பல்லாயிரவர் திரண்டனர். அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் உலகெங்கும் தானிய விலைகள் ஏறின. உணவைப் பெறும் உரிமை பற்றி ஐக்கிய நாடுகள் சபைக்கு அறிக்கையிட்டு வந்த ஜீன் சீக்லர், உணவுப் பயிரை எரிபொருளாக்குதல் மனித குலத்துக்கு இழைக்கும் குற்றம் எனக் கூறி, அதனை ஐந்தாண்டுகளுக்கு நிறுத்துமாறு 2007இல் வேண்டினார். வரட்சியும் எண்ணெய் விலையும் ஏற்றுமதித் தடைகளும் அவ்விலையேற்றத்துக்குக் காரணங்களாயின. எனினும் மதுசார ஆலைகளுக்கும் அதிற் பங்குண்டு என்பதைப் பெரும்பாலோர் மறுத்திலர்.

நிலத்தைப் பற்றியும் ஓர் ஐயம் எழுந்தது. மதுசாரம் எரியும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டை அடுத்த ஆண்டுப் பயிர் மீண்டும் உட்கொள்ளுமாதலால் வளிமண்டலத்துக்குத் தீங்கில்லை என்பதே பலர் கொண்ட கருத்து. 2008இல் தீமதி சேர்ச்சிஞ்சர் முதலிய அமெரிக்க ஆய்வாளர் அக்கணக்கில் விடுபட்ட ஒன்றைச் சுட்டினர். ஓரிடத்துச் சோளம் எரிபொருளாகிவிடின், குறைந்த உணவை ஈடுசெய்ய வேறோரிடத்தில் காடோ புல்வெளியோ அழிந்து வயலாகும். அவ்வழிவினால் வெளிப்படும் காபனையும் சேர்த்துக் கணக்கிடின், சோள மதுசாரம் பெற்றோலினும் தீயதாகும் என்றனர். அவர் கூறிய அளவு மிகையெனப் பின்வந்த ஆய்வாளர் பலர் வாதிட்டனர். அளவு பற்றி விவாதம் தொடரினும், வயலிலிருந்து வரும் எரிபொருளுக்கு நிலமே முதல் விலை என்னும் உண்மை அதன்பின் மறக்கப்படவில்லை.

பிறேசிலும் இவ்விலையைக் கொடுக்காமலில்லை. ஒரு லீற்றர் மதுசாரம் வடிக்கும்போது பத்து லீற்றருக்கு மேற்பட்ட கழிவுநீர் எஞ்சும். தொடக்க காலத்தில் அது ஆறுகளிற் கலந்து மீன்களைக் கொன்றது. பொற்றாசியம் நிறைந்த அந்நீரைக் கரும்பு வயலுக்கே பாய்ச்சும் வழக்கம் பின்னரே பரவிற்று. வெட்டுவதை எளிதாக்கக் கரும்பின் சோகைக்குத் தீயிட்டதனால் ஊர்கள் புகையால் மூடுண்டன; அதனைப் படிப்படியாக நிறுத்தச் சாவோ பாலோ மாநிலம் 2002இல் சட்டம் இயற்றியது. வெயிலிலும் சாம்பலிலும் நின்று நாளொன்றுக்குப் பத்துத் தொன் அளவு கரும்பு வெட்டிய கூலியாளரின் உழைப்பு மிகக் கொடியது. இயந்திரங்கள் வந்தபோது அத்துன்பம் நீங்கிற்று. அவர்களுட் பலருடைய வேலையும் உடன் நீங்கிற்று.

இத்துணை முயற்சிக்குப் பின் உலகத் தேவையில் மதுசாரத்தின் பங்கு யாது? உலக மக்கட்டொகை 2022 நவம்பரில் எண்ணூறு கோடியைத் தொட்டது. உலகம் நாளொன்றுக்குப் பத்துக் கோடி பீப்பாய்க்கு மேற்பட்ட எண்ணெயைச் செலவிடுகின்றது. ஆண்டொன்றில் உலகு செய்யும் எரிபொருள் எதனோல் 11,000 கோடி லீற்றர் அளவு. அதில் ஐந்தில் நான்கு பங்கு ஐக்கிய அமெரிக்காவும் பிறேசிலும் செய்வது. தனியே நோக்கின் இது பெருந்தொகை. எண்ணெயோடு ஒப்பிடின், கனவளவில் நூற்றுக்கு இரண்டுக்குங் குறைவு. வெப்ப அளவில் இன்னும் குறைவு. உலகின் எண்ணெய் முழுவதையும் வயல்களிலிருந்து பெற முயலின் உணவு விளைக்க நிலம் எஞ்சாது.

உணவாகாத வைக்கோல், கரும்புச் சக்கை, மரத்தூள் ஆகியவற்றிலுள்ள செலுலோசிலிருந்து மதுசாரம் செய்யலாமே என்பது அடுத்த எண்ணம். செலுலோசும் வெல்ல மூலக்கூறுகளின் கோவையே. ஆயின் இலிக்னின் என்னும் வன்பொருள் அதனைச் சூழ்ந்து காப்பதால், நொதியங்கள் எளிதில் அதனை அணுகமாட்டா. ஆய்வுகூடத்தில் இத்தடை நீங்கிற்று. ஆலையிலோ செலவு மிகுந்தது. ஐக்கிய அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2015இல் திறந்த ஒரு பேராலை 2017இல் மூடப்பட்டது. பிறேசிலில் சக்கையிலிருந்து மதுசாரம் செய்யும் ஆலைகள் சில இயங்குகின்றனவெனினும், மொத்த உற்பத்தியில் அவற்றின் பங்கு சிறிதே.

இதற்கிடையில் வேறொரு போட்டியும் தோன்றியுள்ளது. தன்மேல் விழும் சூரிய சத்தியில் கரும்பு எரிபொருளாகச் சேமிப்பது நூற்றுக்கு ஒன்றளவே. சூரிய மின்கலத் தகடோ நூற்றுக்கு இருபதளவை மின்சாரமாக்குகின்றது. மின்சாரக் கார் அதனை வீணாக்காமற் பயன்படுத்துகின்றது. ஆகவே ஒரே அளவு நிலத்தைக் கொண்டு காரோட்ட வேண்டுமாயின், கரும்பினும் மின்கலமே பன்மடங்கு மேலானது. எனினும் மதுசாரம் பயனற்றுப் போகவில்லை. மின்கலங்களின் பாரத்தைத் தாங்க இயலாத ஆகாய விமானங்களுக்கும், இன்னும் நெடுங்காலம் ஓடவிருக்கும் பெற்றோல் வண்டிகளுக்கும் திரவ எரிபொருள் வேண்டும். அத்தேவையின் ஒரு பகுதியை மதுசாரம் நிறைவேற்றக்கூடும்.

கரும்பு விளையும் தெற்காசிய நாடுகளுக்கு இவ்வநுபவம் நேரே பொருந்தும் பாடங்களைக் கொண்டது. இந்தியா பெற்றோலில் நூற்றுக்கு இருபது பங்கு மதுசாரங் கலக்கும் இலக்கை 2025இல் எய்தியது. முதலில் சீனி ஆலைகளின் கழிவுப்பாகிலிருந்து செய்த மதுசாரம், பின்னர் கரும்புச் சாறு, அரிசி, சோளம் ஆகியவற்றிலிருந்தும் செய்யப்படலாயிற்று. நீர் வறண்ட மாநிலங்களிற் கரும்பு குடிக்கும் நீரைப் பற்றிய கவலை அங்கு வளர்ந்துள்ளது. சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த அந்நாடு, ஆலைகளின் தேவை பெருகியதால் 2024இல் சோளத்தை இறக்குமதி செய்ய நேர்ந்தது. எண்ணெய்க் கப்பலுக்குப் பதிலாகத் தானியக் கப்பலை எதிர்நோக்குதல் தன்னிறைவாகாது.

எரிபொருளின்றி வாழ்தல் யாது என்பதை ஈழத்தவருக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. 1990களில் பொருளாதாரத் தடையின்போது யாழ்ப்பாணத்து மோட்டார் வண்டிகள் சில துளி பெற்றோலால் உயிர்பெற்று மண்ணெண்ணெயால் ஓடின. 2022இல் அந்நியச் செலாவணி தீர்ந்தபோது இலங்கை முழுவதும் எரிபொருள் வரிசைகள் நீண்டன. யூன் மாத இறுதியில் அத்தியாவசிய சேவைகளுக்கன்றிப் பிறருக்கு விற்பனை நிறுத்தப்பட்டது. அத்தகைய நாட்களில் கரும்பும் பனையும் உள்ள நாட்டில் மதுசாரத்தால் வண்டி ஓட்டலாகாதோ என்று எண்ணுதல் இயல்பே. ஆனால் இலங்கை தான் உண்ணும் சீனியிற் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் நாடு. இங்குராணை, பெல்வத்தை, செவனகலை ஆகிய இடங்களின் கரும்பு அத்தேவைக்கே போதாது. கழிவுப்பாகிலிருந்து வடிக்கும் மதுசாரமும் பெரும்பாலும் குடிவகைகளுக்கே செல்கின்றது. பிறேசிலிடம் இருந்தது மிகுதியான கரும்பும் மிகுதியான நிலமும். இங்கு இரண்டும் இல்லை. கழிவுப்பாகையும், பயனின்றி அழியும் பிற கழிவுகளையும் நன்கு பயன்படுத்தல் தக்கதே. அவற்றைக் கொண்டு நாட்டின் வண்டிகளெல்லாவற்றையும் ஓட்டலாம் என நம்புதல் தக்கதன்று.

மதுசாரம் எரியுமா என்னும் வினாவுக்கு ஒட்டோவின் காலத்திலேயே விடை கிடைத்துவிட்டது. அது விளையும் நிலத்தில் முன்னர் யாது விளைந்தது, அதற்குப் பாய்ச்சிய நீர் எவருடையது, காய்ச்சிய அடுப்பில் எரிந்தது எது, வெட்டிய கைகளுக்குக் கிடைத்த கூலி எவ்வளவு என்னும் நான்கு வினாக்களே எஞ்சி நிற்பன. இவற்றுக்கு நல்ல விடை கூறக்கூடிய இடத்தில் மதுசாரம் நல்ல எரிபொருள். கூற இயலாத இடத்தில், தூரத்துக் கிணற்றிலிருந்து வந்த கடனை அண்டையிலுள்ள வயலின்மீது ஏற்றுவதாகவே அது முடியும். பிறேசில் தனது முதல் மூன்று வினாக்களுக்கு ஐம்பது ஆண்டுகளிற் பெரிதும் விடை கண்டது. நான்காவதற்குச் சிறிதளவே கண்டது. அதனைப் பின்பற்ற விழையும் நாடுகள் அதன் கார்களைப் பார்ப்பதற்கு முன் அதன் வயல்களைப் பார்த்தல் வேண்டும்.